ஓட்டுப் போட ஊருக்கு வரணுமா?

கேள்வி: குடியாத்தத்துத் தம்பி ஒருவர், 18 மார்ச் 2024

"ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. பெங்களூரில் எங்களுக்கு வேலை நாள். வந்து போக ஆயிரம் ரூபாய் ஆகும், லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் தனி. வேலூர்த் தொகுதியில் 15 லட்சம் ஓட்டு. அதில் என்னுடையது ஒன்று. நான் வராததால் யாராவது தோற்கப் போகிறார்களா? கடமை, உரிமை என்று ஆரம்பிக்காமல் யாராவது பதில் சொல்லுங்கள்."

18 மார்ச் 2024, இரவு 10.15

தோற்க மாட்டார்கள். கணக்கு உன் பக்கம்தான் தம்பி. எனக்கு 42 வயது. நான் போட்ட ஒரு ஓட்டால் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. காட்பாடியில் 2021-ல் துரைமுருகன் 746 ஓட்டில் கரையேறினார். ஓட்டு எண்ணிய அன்று ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் தெருவில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே தேர்தலில் தியாகராய நகரில் வித்தியாசம் 137. அத்தனை நெருக்கத்திலும் ஒற்றை ஓட்டுக்கு வேலை வரவில்லை. ராஜஸ்தானில் 2008-ல் காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், உண்மைதான். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரனுக்கு லாட்டரி விழுந்த கதை மாதிரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஏன் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

19 மார்ச் 2024

சோழர் காலத்திலேயே நாம் ஓட்டுப் போட்டவர்கள் என்று ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுத்திருக்கிறார். வருவார் என்று தெரியும். ஐயா, குடவோலை என்பது தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. அது குலுக்கல். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. பராந்தக சோழன் காலத்துத் தகுதி விதிகள் படிக்கப் பிரமாதமாக இருக்கும், அது வேறு விஷயம். கணக்குக் காட்டாதவன் பெயர் ஓலைக்கே வராது. அதை இன்றைக்கு இங்கே கொண்டுவந்தால் எத்தனை ஓலை மிஞ்சும் என்று சொல்லத் தெரியவில்லை.

20 மார்ச் 2024

வேலூர் கொசப்பேட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. தேர்தல் தேதி வந்ததிலிருந்து ஆட்கள் அடையாள அட்டையோடு வந்து "என் பேரு இருக்கா பாரு" என்கிறார்கள். எண்ணை அடித்தால் பாகம், வரிசை எண், ஓட்டுச்சாவடி எல்லாம் வந்துவிடும். வரவில்லை என்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். "அட்ட கீதே, பேரு எப்பிடி இல்லாம போவும்?" அட்டை இருந்தால் மட்டும் ஓட்டு வராது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

இன்று ஒரு பையன் வந்தான். 18 முடிந்து சில மாதம். பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 போட வேண்டும் என்றான். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் 27. அதற்குப் பத்து நாள் முன்பு வரை வந்த மனுக்களைத்தான் இந்தத் தேர்தலுக்குச் சேர்ப்பார்கள். மூன்று நாள் பிந்திவிட்டான். "பரவால்லண்ணா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவன் தெருவில் போன மாதம் மூன்று கட்சிக்காரர்கள் சுற்றினார்கள். ஒருத்தராவது கேட்டிருக்கலாம். நானும்தான். தினமும் என் கடையைத் தாண்டித்தான் அவன் டியூஷனுக்குப் போகிறான்.

24 மார்ச் 2024

தம்பி, உன் கேள்விக்குப் பதில் மாதிரி ஒன்று.

2006-ல் ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். எந்தக் கட்சி என்று கேட்காதே, இப்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காலையில் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, சீல் வைத்து, அப்புறம் ஆரம்பம். வேலை என்னவென்றால், வருகிற ஆளின் பெயரைப் பட்டியலில் தேடிக் கோடு போடுவது, அவ்வளவுதான். மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு தெருவின் ஜாதகமே தெரியும். ஒரு தெரு முழுக்கக் கோடு. அடுத்த தெரு வெள்ளையாகக் கிடக்கும். வெளியே 200 மீட்டர் தாண்டி மேசை போட்டிருக்கிறவர்களுக்கும் அது எப்படியோ தெரிந்துவிடும், ஆட்டோ கிளம்பும். எந்தத் தெருவுக்கு? பாதிக் கோடு விழுந்த தெருவுக்கு. வெள்ளைத் தெருவுக்கு யாரும் போகவில்லை. "அவனுங்க எப்பவும் வர மாட்டானுங்க, டீசல் தண்டம்" என்றார் எங்கள் பொறுப்பாளர்.

அது தேர்தலோடு முடிவதில்லை. ஓட்டு எண்ணி முடித்ததும் படிவம் 20 என்று ஒன்று வரும். ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று முழுசாக இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொதுஜனம் பார்ப்பதில்லை, கட்சிக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சில வருஷம் கழித்து எங்கள் தெருச் சாக்கடை விஷயமாக ஒரு வட்டப் பிரமுகரைப் பார்க்கப் போனோம். எட்டுப் பேர். டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். கிளம்பும்போது, "உங்க தெருவுல பாதிப் பேரு ஓட்டுக்கே வரலியே சார்" என்றார். எங்களுக்குப் போடவில்லை என்று அவர் சொல்லவில்லை. வரவே இல்லை என்றுதான் சொன்னார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. எதிர்க்கட்சிக்குப் போடுகிற தெருவுக்காவது அடுத்த தடவை வந்து கெஞ்சுவார்கள். வராத தெரு அவர்கள் கணக்கில் காலி மனை.

26 மார்ச் 2024

எங்கள் ஆயாவுக்கு 86 வயது. 85 தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே போடலாம் என்று இந்தத் தடவை விதி. பி.எல்.ஓ. அம்மா, அதாவது எங்கள் ஓட்டுச்சாவடியின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அங்கன்வாடிக்காரர், அதற்கான படிவம் 12டி-யோடு வந்தார். அதிகாரிகள் பெட்டியோடு வீட்டுக்கே வருவார்கள், தபால் ஓட்டு மாதிரி என்று பொறுமையாக விளக்கினார். ஆயா முழுசாகக் கேட்டுவிட்டு, "இன்னாமே, ஊட்டுக்கே பொட்டி வந்தா நான் ஓட்டுப் போட்டது நாலு பேருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். பி.எல்.ஓ. அம்மா சிரித்துக்கொண்டே படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆயாவின் முதல் ஓட்டு 1962. அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. மைசூர் மை விரலில் வைக்க ஆரம்பித்ததும் அந்தத் தேர்தலில்தான். மை போகவே போகாது என்று யாரோ பயமுறுத்தி, சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்தாளாம். வெள்ளி நைட்ரேட், தேய்த்தால் போகாது என்று நான் சொன்னேன். "அப்பவே சொல்றதுக்கின்னா?" என்றாள்.

27 மார்ச் 2024

வட ஆற்காட்டில் ஓட்டுக்கு என்ன பலம் இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காமன்வீல் கட்சியை இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? மாணிக்கவேலு நாயக்கர் நடத்தியது. 1952-ல் நம் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் சட்டசபைக்கு ஆறு இடம் பிடித்தது. 375 பேர் சபையில் ஆறு! ஆனால் காங்கிரஸுக்கு 152-தான் கிடைத்திருந்தது. ராஜாஜி ஆட்சி அமைக்க ஆதரவு கொடுத்து, நாயக்கர் அமைச்சராகவும் ஆனார். சின்னக் கும்பல் மொத்தமாகப் போய் நின்றால் விலை ஏறும் என்பதற்கு இதைத்தான் எங்கள் தாத்தா சொல்வார். அது நல்லதா கெட்டதா என்று அவர் சொன்னதில்லை.

31 மார்ச் 2024

பணம். எப்படியும் யாராவது கேட்பீர்கள், நானே எழுதிவிடுகிறேன்.

2019-ல் நாடாளுமன்றத் தேர்தலையே பணத்துக்காக ரத்து செய்த தொகுதி நம்முடையது. ஏப்ரல் 18 ஓட்டு, 16-ஆம் தேதி ரத்து. வருமான வரிக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் பிடித்திருந்தார்கள். நான் அப்போது அம்பத்தூரில் வேலை. மகாவீர் ஜெயந்தி, தேர்தல், புனித வெள்ளி என்று வரிசையாக லீவு. 16 ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது தங்கச்சி போன்: "அண்ணா, உங்க எலக்‌ஷன் கேன்சலாம்." பஸ்ஸில் பாதிப் பேர் வேலூர்க்காரர்கள். ஒருத்தர் கண்டக்டரிடம் பாதிக் காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார்.

தங்கச்சி "உங்க எலக்‌ஷன்" என்று சொன்னதைக் கவனியுங்கள். அவள் வாழ்க்கைப்பட்டது காட்பாடி. பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். காட்பாடி, அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. 18-ஆம் தேதி அவள் போட்டுவிட்டு, மை வைத்த விரலை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். ஆம்பூர், குடியாத்தம்காரர்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. சட்டசபை இடைத்தேர்தல் மட்டும் அன்று நடந்தது. அவர்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஏப்ரலில் போட்டு, எம்.பி.க்கு ஆகஸ்டில் போட்டார்கள்.

பணம் வாங்குகிறவர்களைத் திட்டுவது சுலபம். என் அத்தை ஒருத்தி வாங்குவாள். கேட்டால், "அவன் ஊட்டுக் காசா? எங்கிட்ட புடுங்கினதுதானே" என்பாள். யாருக்குப் போட்டாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மூன்று பக்கமும் வாங்கிக்கொண்டு நாலாவது ஆளுக்குப் போட்டதாக ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். இதை நேர்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுத்தால் ஓட்டு வந்துவிடும் என்று நம்பிக் கொடுக்கிறவனை விட அத்தைக்கு மிஷினைப் பற்றி நன்றாகத் தெரியும்.

1 ஏப்ரல் 2024, நள்ளிரவு தாண்டி

ஏப்ரல் ஒன்று என்பதால் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். முதல் குறிப்பில் ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்று எழுதினேன். பொய்.

நேற்று 2019 கதையைப் பாதியில் நிறுத்தினேன், பார்த்தீர்களா? ரத்தான தேர்தல் ஆகஸ்ட் 5 நடந்தது. திங்கட்கிழமை. நான் வரவில்லை. ஒரு தடவை வந்து ஏமாந்தாயிற்று, இன்னொரு தடவை லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார், மழை வரும் போல இருந்தது, இப்படி நாலு காரணம். அன்று டிவி முழுக்க காஷ்மீர் செய்தி, வேலூர் ஓட்டுப்பதிவு கீழே ஓடுகிற எழுத்தில்தான் வந்தது. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. 9-ஆம் தேதி எண்ணினார்கள். தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வித்தியாசத்தில் அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகத்தை ஜெயித்தார். நோட்டாவே 9,000-க்கு மேல். என் ஒரு ஓட்டு அங்கேயும் ஒன்றும் செய்திருக்காது, தம்பியின் கணக்குப்படி. ஆனால் என்னை மாதிரி லீவு கேட்கக் கூச்சப்பட்டு அம்பத்தூரிலும் ஓசூரிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணாயிரம் பேர் இருக்க மாட்டார்களா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யார் ஜெயித்தார் என்பது பற்றி இல்லை. நான் எல்லாரையும் போலத்தான் யோசித்தேன், எல்லாரும் என்னைப் போலத்தான் யோசித்திருப்பார்கள்.

இதை எழுதாமல் உனக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

7 ஏப்ரல் 2024

ஆட்களை எப்படி வரவைப்பது என்று கேட்கிறவர்களுக்கு. கோலம், மனிதச் சங்கிலி, பைக் ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் பார்த்தாயிற்று. உறுதிமொழி எடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுக்கு ஓட்டே கிடையாது. போட்டோ மட்டும் நன்றாக வரும்.

கடையில் நான் கண்டது: "ஓட்டுப் போடுவியா?" என்று கேட்டால் எல்லாரும் "போடாமலா" என்பார்கள். "எத்தனை மணிக்குப் போற? யாரோட போற?" என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். யோசித்தால் உள்ளே இருக்கிற முடிச்சு வெளியே வரும். ஒருத்திக்கு சாவடி மாறிவிட்டது, எங்கே என்று தெரியாது. ஒருத்தருக்கு முட்டி வலி, வரிசையில் நிற்க முடியாது. பீடி சுற்றுகிற ஒரு அம்மாவுக்கு அன்றைக்குக் கட்டு குறைந்தால் காசு குறையும். அவருக்கு "ஏழு மணிக்குப் போனால் எட்டுக்குத் திரும்பிவிடலாம், நான் எழுப்புகிறேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதும் முடிந்தது விஷயம். இதற்கு ஜனநாயகம் பற்றி ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு தாளில் 31 வீடு எழுதியிருக்கிறேன். பக்கத்தில் மணி. யாருக்குப் போடுவது என்று பேசினால் தாளைக் கிழித்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

14 ஏப்ரல் 2024

சித்திரை ஒன்று. பாயசம் சாப்பிட்டுவிட்டு எழுதுவதால் கோபம் குறைவு.

புறக்கணிப்பும் ஒரு குரல்தானே என்கிறார் ஒருவர். சில நேரம் ஆம். ஆம்பூர் பக்கம் மலைமேல் நாயக்கனேரி என்று ஒரு ஊராட்சி. 2021-ல் தலைவர் பதவியை ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். ஊர் ஓட்டுப் போட மறுத்தது, வார்டுக்கு யாரும் மனுப் போடவில்லை. போட்டியின்றித் தேர்வான அந்தப் பெண் வருஷக்கணக்கில் பதவியேற்க முடியாமல் நின்றார். அதுவும் புறக்கணிப்புதான். எந்தக் குரல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அணைக்கட்டு மலையில் அல்லேரிக்காரர்களிடம் போய் ஓட்டு முக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போன வருஷம் மே மாதம் பாம்பு கடித்த குழந்தையை நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க ரோடு இல்லை. செத்த குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு மலை ஏறி நடந்தாள். அவர்களும் வேலூர்த் தொகுதி ஓட்டர்கள்தான், வராத தெருவும் இல்லை. 24-ஆம் தேதி நான் எழுதிய காலி மனைக் கணக்கு அங்கே போய் உடைகிறது. வந்து போட்டவர்களுக்கும் ரோடு வரவில்லையே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

19 ஏப்ரல் 2024, பகல் 2 மணி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாளில் 31-ல் 26 வீடு டிக். முட்டி வலிக்காரர் ஆட்டோவில் போய் வந்துவிட்டார். போலீஸ்கார அம்மா அவரை நேராக உள்ளே விட்டாராம்.

19 ஏப்ரல் 2024, இரவு

ஆயா காலை ஆறரைக்கே சுங்குடிப் புடவை கட்டித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். சக்கர நாற்காலி இருந்தது, ஏறமாட்டேன் என்றாள். கண் மங்கல் என்பதால் துணைக்கு ஒருவர் போகலாம். நான் நின்றேன். அவள் என் மனைவியைக் காட்டி "அவ வரட்டும்" என்றாள். முதல் அதிகாரி பெயரைச் சத்தமாக வாசித்தார், ஏஜென்டுகள் கோடு போட்டார்கள். இடது கை ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேருகிற இடத்தில் மை. துணைக்குப் போகிறவளுக்கு வலது விரலில் ஒரு பொட்டு. அட்டை மறைப்புக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் சத்தம் இல்லை. வெளியே வரிசையில் யாரோ "பாட்டி தூங்கிடுச்சா" என்றார்கள். அப்புறம் நீளமாக பீப். யாருக்குப் போட்டோம் என்று ஏழு விநாடி ஒரு சீட்டு தெரியுமே, அதையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம்.

தெருமுனையில் நாலு பேரிடம் விரலைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள்.

மொத்தம் 28 வீடு. மீதி மூன்றில் ஒன்று பூட்டிக்கிடந்தது. ஒருத்தர் "போடமாட்டேன், உன் வேலையைப் பார்" என்றார், சரி. இன்னொரு வீட்டில் இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. நான் தாளில் மணிதான் எழுதினேன், அவர்கள் எண்ணை அடித்துப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் தெருவிலேயே இப்படி.

தமிழ்நாட்டில் 72 சதவீதம் தாண்டிவிட்டது என்று சொல்கிறார்கள். பாருங்கள்!

20 ஏப்ரல் 2024

நேற்றைய ஆச்சரியக்குறியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி ஏழு மணிக்கு 72.09 என்றார்கள், நள்ளிரவில் 69.46.

21 ஏப்ரல் 2024

இப்போது 69.72. இதற்குமேல் நான் இந்த எண்ணைத் தொடமாட்டேன். தருமபுரியில் 81-க்கு மேல், மத்திய சென்னையில் 54 தொடவில்லை. சாவடிக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்கள் சென்னைக்காரர்கள். தூரம் ஒரு காரணம் இல்லை போலிருக்கிறது.

குடியாத்தத்துத் தம்பி வந்திருக்கிறான்! 18 ராத்திரி ரயிலில். "உங்க கணக்குக்காக இல்லண்ணா, அம்மா போன் பண்ணி எத்தனை மணிக்கு வர்றேன்னு கேட்டாங்க" என்று எழுதியிருக்கிறான். வருவாயா என்று கேட்கவில்லையாம்.

5 ஜூன் 2024

கதிர் ஆனந்த் மறுபடியும். இந்தத் தடவை வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கு மேல். தம்பி சிரிப்புப் பொம்மை போட்டு "ஆயிரம் ரூபாய் வேஸ்ட்" என்கிறான். இருக்கலாம். அம்மா கையால் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டதற்கு எவ்வளவு கழித்தாய்?

16 ஜூன் 2024

பெயர் விட்டுப்போன வீட்டுக்கு இன்று படிவம் 6 இரண்டு போட்டாயிற்று. அந்த 18 வயதுப் பையனும் வந்தான், அவனுடையதும் சேர்ந்தது. பி.எல்.ஓ. அம்மா சனிக்கிழமை விசாரணைக்கு வருகிறார்.

ஆயா விரலில் மை நகத்தின் பாதிக்கு வந்துவிட்டது. யாருக்குத்தான் போட்டாய் என்று கேட்டேன். "கூட வந்தவளக் கேளு" என்றாள். கேட்டேன். என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.